கையில் இருக்கும் போனை வாசிப்பது எப்படி: வன்னி வீட்டுக்கு ஓர் ஊடகக் கோட்பாட்டு வழிகாட்டி

உயர்தரத்தில் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ எடுக்கும் பிள்ளைகளிடம் மார்ஷல் மக்லுகன் யார் என்று கேட்டால் உடனே பதில் வரும்: ஊடகமே செய்தி என்று சொன்னவர். சரி, நேற்றிரவு வீட்டு வட்ஸ்அப் குறூப்பில் வந்த குரல் பதிவைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அடுத்த கேள்வியைப் போட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பிழை பிள்ளைகளில் இல்லை. கோட்பாடு குறிப்புக் கொப்பிக்குள் இருக்கிறது, போன் சட்டைப் பைக்குள் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கச் சொல்லி அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

இந்த வழிகாட்டி அதைத்தான் செய்யப் பார்க்கிறது. பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கும் உதவும், படிப்பை எப்போதோ முடித்துவிட்டு நாள் முழுக்க போன் பார்ப்பவர்களுக்கும் உதவும். தேவையானவை ஒரு கொப்பி, ஒரு வார காலம், கூட இருந்து பார்க்க வயதில் மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர். அவ்வளவுதான்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். ஒரு செய்தி வந்தவுடன் “இது உண்மையா பொய்யா” என்று கேட்பதுதான் ஊடக அறிவு என்று பயிலரங்குகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேவையான கேள்விதான், ஆனால் பிந்திக் கேட்க வேண்டிய கேள்வி. இது எந்த வழியால் வந்தது, யார் கையால் வந்தது, யாரோடு இருந்து பார்க்கிறேன், இதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது, எது வரவே இல்லை என்பவை அதற்கு முன்னால் வர வேண்டியவை. ஊடகக் கோட்பாடு என்று நாங்கள் படிப்பதில் பெரும்பகுதி, இந்தக் கேள்விகளை வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு ஆட்கள் கேட்டுப் பார்த்ததன் பலன்.

படி 1: ஒரு வாரத்துக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள்

காலை எழும்பியதிலிருந்து இரவு படுக்கும் வரை கண்ணுக்கும் காதுக்கும் வந்த ஊடகங்களைக் கொப்பியில் குறியுங்கள். பேஸ்புக், யூரியூப், டிக்டொக், வட்ஸ்அப் என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. விடியப்புறம் கோயில் ஒலிபெருக்கியில் போன பாட்டு, சந்தையில் மலிவு விற்பனை என்று கத்திக்கொண்டு போன ஓட்டோ, பரந்தன் சந்தியில் தொங்கும் வாழ்த்துப் பதாகை, மின்கம்பத்தில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி, வவுனியா பஸ்ஸில் டிரைவர் போட்ட பழைய பாட்டு, பிரதேச செயலக அறிவித்தல் பலகை எல்லாமே ஊடகம்தான்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள். யார் தெரிவு செய்தது? நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? 1970களில் எலிஹு கட்ஸ், ஜே பிளம்லர் போன்றவர்கள் ஊடகம் மக்களுக்கு என்ன செய்கிறது என்பதை விட்டு, மக்கள் ஊடகத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். பாடத்தில் இதைப் பயன்பாடும் திருப்தியும் கோட்பாடு என்பார்கள். கொப்பியைப் பார்த்தால் புரியும்: அம்மா தொடர் நாடகத்தைச் சத்தத்துக்காகப் போட்டுவிட்டுக் குசினியில் நிற்பார், தம்பி நித்திரை வரும்வரை டிக்டொக் தள்ளுவான், அப்பா நெல் விலை பார்க்கப் போனை எடுத்து அரை மணித்தியாலம் யானை வீடியோ பார்த்திருப்பார். எடுத்த காரணமும் முடிந்த இடமும் பொருந்தாத இடங்களுக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். பிறகு தேவைப்படும்.

படி 2: செய்தியை மறந்துவிட்டு, அது வந்த வழியைப் பாருங்கள்

‘ஊடகமே செய்தி’ என்பதை விளக்க மக்லுகன் 1964 இல் எடுத்த உதாரணம் பத்திரிகையோ தொலைக்காட்சியோ இல்லை, மின்விளக்கு. மின்விளக்கில் செய்தி எதுவும் கிடையாது, ஆனால் அது இருக்கும் இடத்தில் ஆட்களின் நடமாட்டமே மாறிவிடுகிறது. வன்னியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. போருக்குப் பிறகு கிராமங்களுக்கு மின்கம்பி வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். குப்பி விளக்கைச் சுற்றி இருந்த வீடு, அறை அறையாகப் பிரிந்தது. பிள்ளைகள் படிக்கும் நேரம் நீண்டது. மின்னொளியில் கரப்பந்துப் போட்டி வந்தது. அந்த பல்ப் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதே கண்ணோடு மரண அறிவித்தலை எடுங்கள். எங்கள் ஊர்களில் ஊடகம் மாறியதைப் படிக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது என்பது என் எண்ணம்.

ஒரு காலத்தில் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். சொல்ல வந்தவர் வாசலில் நின்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார். பிறகு இலங்கை வானொலியில் வாசித்தார்கள். பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள். மின்கம்பத்தில் ஒட்டினார்கள். இப்போது பேஸ்புக்கில் போகிறது, வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போகிறது, இறுதிக் கிரியை நேரலையாகவும் போகிறது. இறந்தவர் ஒருவரே, இறந்த செய்தியும் ஒன்றே. ஆனால் ஆள் வந்து சொன்னபோது, சொல்லப்படாமல் விடுபட்ட வீடு பல வருடம் கோபத்தோடு இருந்தது. ஸ்டேட்டஸில் போடும்போது யாரும் விடுபடுவதில்லை, அதேநேரம் யாருக்கும் தனியாகச் சொல்லப்படுவதும் இல்லை. “எனக்குச் சொல்லவில்லை” என்ற கோபம் போய், “நான் பார்க்கவில்லை” என்ற சாட்டு வந்திருக்கிறது.

அந்த அறிவித்தலின் எழுத்தையும் கவனியுங்கள். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும் என்று தொடங்கி, பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் கனடா, பிரான்ஸ், லண்டன், சுவிஸ் என்று நாடுகள் வரிசையாக வரும். கடைசியில் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளும் வரி. ஆள் அனுப்பிச் சொன்ன காலத்தில் நாடுகளின் பட்டியல் தேவைப்படவில்லை. அறிவித்தல் கடல் கடக்கத் தொடங்கியதும் அதன் வடிவமே ஒரு குடும்பத்தின் உலக வரைபடம் ஆகிவிட்டது.

மக்லுகனுக்கு முன்னோடியான ஹரோல்ட் இன்னிஸ், 1951 இல், ஊடகங்களைக் காலத்தைத் தாண்டுபவை, தூரத்தைத் தாண்டுபவை என்று இரண்டாகப் பார்த்தார். கல், களிமண் போன்ற பாரமானவை நிலைத்து நிற்கும், தூரம் போகாது. தாள் போன்ற இலேசானவை தூரம் போகும், நிலைக்காது. கல்லறையில் வெட்டிய பெயரையும் 24 மணித்தியாலத்தில் மறையும் ஸ்டேட்டஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னிஸும் மக்லுகனும் படிப்பித்தது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில். எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இப்போது இருக்கும் அதே நகரம். அங்கிருந்து நேரலையில் செத்தவீடு பார்ப்பவர்களுக்கு இன்னிஸின் கோட்பாட்டை வேறு யாரும் விளக்கத் தேவையில்லை.

செய்து பார்க்க வேண்டியது: உங்கள் வீட்டில் கடந்த சில வருடங்களில் நடந்த ஒரு கலியாணத்தையோ செத்தவீட்டையோ எடுத்து, அந்தச் செய்தி எந்தெந்த வழிகளால் போனது, ஒவ்வொரு வழியும் யாரைக் கொண்டுவந்தது, யாரை விட்டது என்று எழுதுங்கள். கூடவே, ஊடகம் இல்லாமல் போன நாட்களையும் நினைவுபடுத்துங்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போதும், 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. 2022 ஏப்ரலில் ஒரு நாளுக்கும் குறைவாக முடக்கியது. அந்த நாட்களில் வெளிநாட்டில் இருப்பவர்களோடு எப்படிப் பேசினீர்கள்? என்ன பேசாமல் விட்டீர்கள்? ஊடகம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அது நின்ற பிறகுதான் தெளிவாகத் தெரியும்.

படி 3: யார் கையால் வந்தது என்று தேடுங்கள்

1940 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது போல் லாசர்ஸ்ஃபெல்டும் கூட்டாளிகளும் ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் வாக்காளர்களைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். வானொலியும் பத்திரிகையும் நேரடியாக மனதை மாற்றும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. செய்தி முதலில் ஊரில் மதிப்புள்ள சிலரிடம் போய், அவர்கள் வழியாகவே மற்றவர்களிடம் சேர்கிறது. இதுதான் இருபடி ஓட்டம். 1955 இல் கட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் இதை விரிவாக்கினார்கள்.

சனசமூக நிலையத்தில் பேப்பரைச் சத்தமாக வாசித்து, இடையிடையே தன் கருத்தையும் சேர்த்துச் சொல்லும் ஒரு பெரியவர் எல்லா ஊரிலும் இருந்தார். லாசர்ஸ்ஃபெல்ட் தேடியது அவரைத்தான். இன்று அந்த இடத்தில் யார்? குடும்ப வட்ஸ்அப் குறூப்பைத் திறந்து, கடந்த வாரம் வந்த பகிர்வுகளை யார் யார் போட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் பார்த்த குறூப்புகளில் எல்லாம் இரண்டு மூன்று பேர்தான் முக்கால்வாசியும் போடுகிறார்கள், அவர்களில் ஒருவர் கட்டாயம் வெளிநாட்டில் இருப்பவர். விசுவமடுவில் நடந்ததை விசுவமடுவில் இருப்பவர் லண்டன் சித்தப்பா சொல்லி அறிவது இப்போது யாருக்கும் புதினம் இல்லை. இருபடி ஓட்டம் கடலைச் சுற்றி வந்து வாசலில் ஏறுகிறது.

இதன் நடைமுறைப் பயன் மாரி காலத்தில் தெரியும். 2018 டிசம்பரில் பெருமழையோடு கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்கம் முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளைப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அதன் பிறகு ஒவ்வொரு மாரியிலும், மழை இரண்டு நாள் தொடர்ந்தால் போதும், “குளக்கட்டு உடையப் போகுதாம், உடனே வெளிக்கிடுங்கோ” என்ற மாதிரிக் குரல் பதிவுகள் குறூப்புகளில் சுற்றும். அப்படி ஒன்று வந்தால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் அம்புக்குறியைப் பாருங்கள். ஒற்றை அம்பு என்றால் யாரோ பகிர்ந்தது. இரட்டை அம்பு என்றால் குறைந்தது 5 கை மாறி வந்தது. அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவையில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று வட்ஸ்அப் 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு போட்டது. அந்த அம்பு செய்தி பொய் என்று சொல்வதில்லை. சொன்னவரை உங்களுக்கு அனுப்பியவருக்கும் தெரியாது என்பதைத்தான் சொல்கிறது. சித்தப்பாவின் குரலில் இருக்கும் நம்பிக்கையை நாங்கள் அறியாமலே அந்த முகம் தெரியாத ஆளுக்கும் கொடுத்துவிடுகிறோம்.

அடுத்து, பதிவை இன்னொரு தடவை கேளுங்கள். பேசுபவர் தன் பெயரைச் சொல்கிறாரா? திகதி, நேரம் உண்டா? “இப்ப கிடைச்ச தகவல்” என்பதில் வரும் ‘இப்ப’ எப்போது? போன வருடத்து ‘இப்ப’வும் இந்த வருடத்து ‘இப்ப’வும் குரல் பதிவில் ஒரே மாதிரித்தான் கேட்கும். அதற்குப் பிறகுதான் உண்மையா என்ற கேள்வி: அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எடுங்கள், கிராம அலுவலரைக் கேளுங்கள், குளத்தின் கீழ்ப்பக்கம் இருக்கும் கமக்காரர் அமைப்பில் யாரையாவது கேளுங்கள். படமோ வீடியோவோ வந்தால் கூகுள் லென்ஸில் போட்டு முன்பு எங்கே வந்தது என்று பாருங்கள். ஃபாக்ட் கிரெசெண்டோ இலங்கைச் செய்திகளைத் தமிழிலும் சரிபார்த்துப் போடுகிறது. ஆனால் ஊர்க் குளத்து விஷயத்தில் அவர்கள் வரும்வரை காத்திருக்க நேரம் இராது.

படி 4: ஒரு உதவி வீடியோவை மூன்று தடவை பாருங்கள்

இந்தப் படிக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த வகைதான். “வணக்கம் உறவுகளே” என்று தொடங்கும். தம்பி ஒருவர் மைக்கோடு படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார், கமெரா பின்னால் போகும். தறப்பாள் கூரை, மண் அடுப்பு, கயிற்றில் காயும் உடுப்பு. அம்மா ஒருவர் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பார். கணவர் எப்போது இல்லாமல் போனார், எத்தனை பிள்ளைகள், மத்தியானம் என்ன சமைத்தீர்கள் என்று கேள்விகள் போகும். அம்மா அழத் தொடங்கியதும் கமெரா கிட்டப் போகும். கடைசியில் வெளிநாட்டு அண்ணா ஒருவரின் பெயரைச் சொல்லிக் காசு கொடுக்கப்படும், “எண்ணிப் பாருங்கோ அம்மா” என்று சொல்லப்படும், அம்மா எண்ணுவார். வீடியோவின் முகப்புப் படத்தில் அந்த அழும் முகமும் ஒரு சிவப்பு அம்பும் இருக்கும்.

ஸ்டுவர்ட் ஹோல் 1973 இல் தொலைக்காட்சியைப் பற்றிச் சொன்னதை இங்கே எடுங்கள். செய்பவர் ஒரு அர்த்தத்தை உள்ளே பொதிந்து வைக்கிறார், ஆனால் பார்ப்பவர் அதை அப்படியே பிரித்தெடுப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சொன்னபடியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசலாம், முழுக்க எதிராக வாசிக்கலாம். புத்தகத்தில் இது மூன்று வரி. உங்கள் வீட்டில் இதைச் செய்து பார்த்தால்தான் கனம் தெரியும்.

முதல் தடவை, ரொறன்ரோவில் இருப்பவராக இருந்து பாருங்கள். குளிரில் வேலை முடித்து வந்தவர், விட்டுவந்த ஊரைப் பார்க்கிறார், அழுகிறார், அனுப்புகிறார். அவர் ஏமாளி இல்லை. அவருடைய காசில் உண்மையாகவே கிணறு வெட்டப்பட்டிருக்கிறது, மலசலகூடம் கட்டப்பட்டிருக்கிறது, பிள்ளைக்குச் சைக்கிள் வந்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதுபவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

இரண்டாவது தடவை, அந்த அம்மாவாக இருந்து பாருங்கள். வீடியோ இல்லாமல் காசு வராது என்று அவருக்குத் தெரியும். எங்கே அழ வேண்டும் என்பதும் தெரிந்திருக்கலாம். மூத்த மகன் கூலிக்குப் போகிறான் என்பதைச் சொன்னால் கதை பலம் குறையும் என்பதும் தெரிந்திருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை, கமெராவோடு பேரம் பேசுகிறார். பாடப்புத்தகம் பேரம்பேசும் வாசிப்பு என்பதைப் பார்ப்பவருக்கு மட்டும்தான் கொடுக்கிறது. படம் எடுக்கப்படுபவருக்கும் அது உண்டு என்பது இங்கே தெரியும்.

மூன்றாவது தடவை, அந்த வீட்டு மகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளையாக இருந்து பாருங்கள். அந்தப் பிள்ளையின் போனுக்கும் இந்த வீடியோ வந்திருக்கும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கும்? உதவி ஒரு தடவை வந்து முடியும், வீடியோ யூரியூப்பில் இருக்கும். அந்த மகள் வேலைக்கு விண்ணப்பிக்கும் காலத்திலும் இருக்கும்.

அதற்குப் பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு ஓட விடுங்கள். யாருடைய முகம் கூடுதல் நேரம் வருகிறது? மைக் யாருடைய கையில் இருக்கிறது? எந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை? வீட்டுத்திட்டம் ஏன் வரவில்லை, காணி உறுதி உண்டா, நுண்கடன் எவ்வளவு என்ற கேள்விகள் இந்த வகை வீடியோவில் அரிதாகத்தான் வரும், ஏனென்றால் அவற்றுக்கு ஒரு அண்ணா ஒரு கட்டுக் காசோடு பதில் சொல்ல முடியாது. வறுமை ஒரு வீட்டின் துக்கமாக மட்டும் சுருங்கிப் போகிறது.

கடைசியாக, இடையில் வரும் விளம்பரத்தைப் பாருங்கள். கனடாவைச் சேர்ந்த டலஸ் ஸ்மைத் 1977 இல் சொன்னது, வணிக ஊடகம் விற்கும் சரக்கு நிகழ்ச்சி இல்லை, பார்வையாளர்களே என்று. விளம்பரக்காரருக்கு விற்கப்படுவது அவர்களுடைய நேரம். இங்கே ஒரு படி கூட: பார்வையாளரை இழுத்து வந்தது அந்த அம்மாவின் கண்ணீர். அந்த விளம்பர வருமானத்தில் அவருக்குப் பங்கு உண்டா என்று கேட்பது நியாயமான கேள்வி. சில பேர் முகத்தை மறைத்தும், வீட்டைக் காட்டாமலும், கணக்கை வெளியிட்டும் இதே வேலையைச் செய்கிறார்கள். அப்படியான வீடியோவின் பார்வை எண்ணிக்கையையும் மற்றதன் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.

படி 5: வராத செய்தியைத் தேடுங்கள்

1968 இல் வட கரோலினாவின் சப்பல் ஹில் நகரில் மக்ஸ்வெல் மக்கோம்ப்ஸும் டொனால்ட் ஷோவும் வாக்காளர்கள் எதை முக்கியம் என்று நினைக்கிறார்கள், ஊடகம் எதை முக்கியமாகப் போடுகிறது என்று ஒப்பிட்டார்கள். இரண்டும் மிக நெருங்கி இருந்தன. 1972 இல் வெளிவந்த இந்த ஆய்விலிருந்துதான், எதைப் பற்றி யோசிப்பது என்பதை ஊடகம் முன்வைக்கிறது என்னும் நிகழ்ச்சிநிரல் அமைத்தல் கோட்பாடு வந்தது. பரீட்சைக்கு இது போதும்.

எங்களுக்கு அதைவிடப் பயன்படுவது 1965 இல் யொஹான் கல்துங்கும் மாரி ரூகேயும் நோர்வேப் பத்திரிகைகளில் வெளிநாட்டுச் செய்திகளை ஆராய்ந்து கண்டுபிடித்த ஒன்று. ஒரு நிகழ்வு ஊடகத்தின் தாளத்துக்குப் பொருந்தினால்தான் செய்தியாகும். பத்திரிகை நாளாந்தம் வருகிறது என்றால், ஒரு நாளுக்குள் தொடங்கி முடிவது செய்தி. மெதுவாக, நெடுநாள் நடப்பது செய்தி இல்லை.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். சில நாட்களில் வவுனியாவிலும் தொடங்கியது. தொடங்கிய நாள் செய்தி. 100 ஆவது நாள் செய்தி. வருட நிறைவு செய்தி. ஓகஸ்ட் 30, சர்வதேச காணாமல் ஆக்கப்பட்டோர் தினத்தன்று கமெராக்கள் வரும். இடைப்பட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, வெயிலில், மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த அம்மா செய்தி இல்லை, ஏனென்றால் அவர் நேற்றும் இருந்தார். எந்த ஆசிரியரும் கெட்ட எண்ணத்தோடு அவரை விட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை. தாளம் பொருந்தவில்லை. ஆனால் பொருந்தாத தாளத்தை யார் வைத்தது என்று கேட்பதற்குத்தான் கோட்பாடு.

பயிற்சி இலகுவானது. ஒரே நாளின் யாழ்ப்பாணத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று, கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று, சிங்களம் தெரிந்த நண்பர் ஒருவரின் உதவியோடு ஒரு சிங்களப் பத்திரிகை. மூன்றிலும் வன்னி எங்கே, எத்தனையாம் பக்கத்தில், என்னவாக வருகிறது? யானை, வெள்ளம், விபத்து, போதைப்பொருள், போராட்டம் இவற்றைத் தவிர வேறேதாவது உண்டா? உங்கள் ஊரில் அந்த வாரம் உண்மையில் பேசப்பட்ட விஷயத்தை ஓரத்தில் எழுதுங்கள்.

படி 6: பேசாமல் இருப்பவர்களைக் கணக்கெடுங்கள்

எலிசபெத் நோல்-நொய்மான் 1974 இல் மௌனச் சுழல் என்ற கோட்பாட்டை முன்வைத்தார். தன் கருத்து சிறுபான்மை என்று நினைப்பவர் தனிமைப்படப் பயந்து பேசாமல் விடுவார். அவர் பேசாததால் மற்றக் கருத்து இன்னும் பெரிதாகத் தெரியும். பேஸ்புக் கொமென்ட்களில் இது நடப்பதை எல்லோரும் பார்க்கலாம்.

ஆனால் இந்தக் கோட்பாட்டை வன்னியில் அப்படியே பொருத்த வேண்டாம். இங்கே பேசாமல் இருப்பவர் தன்னைச் சிறுபான்மை என்று நினைத்துத்தான் பேசவில்லை என்று சொல்ல முடியாது. ஊர் முழுக்க அதே கருத்துத்தான் என்று தெரிந்தும் லைக் போடாமல் கடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு வளர்ந்த தலைமுறை, இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்த 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. யார் பார்க்கிறார்கள் என்று தெரியாத இடத்தில் பேசாமல் விடுவது கோழைத்தனமும் இல்லை, கருத்தின்மையும் இல்லை. நோல்-நொய்மான் அயலவரின் கண்ணுக்குப் பயப்படுவதைப் பற்றிப் பேசினார், வேறு கண்களும் உண்டு.

அயலவரின் கண்ணும் இங்கே சின்ன விஷயம் இல்லை. உங்கள் தொடர்பில் இருக்கும் இளம்பெண்களின் வட்ஸ்அப் முகப்புப் படங்களைப் பாருங்கள். ரோசாப்பூ, அம்மன் படம், அக்காவின் குழந்தை, நடிகை, பின்பக்கமாக நின்று எடுத்த படம். சொந்த முகம் குறைவு. ஒரே படத்தை மாமி, பழைய ரீச்சர், கூடப் படித்த பெடியன், கலியாணப் பேச்சில் விசாரிப்பவர் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். மாமிக்கு ஒரு முகம், கூட்டாளிக்கு ஒரு முகம் என்று தனித்தனியாகக் காட்டிய இடங்களை மின்னணு ஊடகம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது என்று ஜோசுவா மெய்ரோவிட்ஸ் 1985 இல் எழுதினார். ரோசாப்பூ அதற்கு அந்தப் பிள்ளை கண்டுபிடித்த பதில்.

படி 7: இரண்டு போன்களை அருகருகே வையுங்கள்

ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேரின் யூரியூப் முகப்பையும் டிக்டொக்கையும் ஒரே நேரத்தில் திறந்து, முதல் பத்தில் எத்தனை பொருந்துகிறது என்று பாருங்கள். அனேகமாக ஒன்றும் பொருந்தாது. பெனடிக்ட் அண்டர்சன் 1983 இல், முன்பின் தெரியாத பல்லாயிரம் பேர் ஒரே காலையில் ஒரே பத்திரிகையை வாசிப்பதிலிருந்து ‘நாங்கள்’ என்ற எண்ணம் வளர்ந்ததாகச் சொன்னார். ஒரே வீட்டுக்குள் ஒரே பக்கம் இல்லாதபோது அந்த ‘நாங்கள்’ எங்கிருந்து வருகிறது என்பது திறந்த கேள்வி.

படி 1 இல் கோடு போட்டு வைத்த இடங்களை இப்போது எடுங்கள். நெல் விலை பார்க்கப் போய் யானையில் முடிந்த அந்த அரை மணித்தியாலத்தை நடத்தியது அல்காரிதம். எது நிற்க வைக்கிறதோ அதையே திரும்பத் தருவது அதன் வேலை, கோபமும் பயமும் நன்றாக நிற்க வைக்கும். தொலைக்காட்சியில் வன்முறையை நிறையப் பார்ப்பவர்கள் உலகம் இருப்பதைவிட ஆபத்தானது என்று நம்பத் தொடங்குகிறார்கள் என்று ஜோர்ஜ் கெர்ப்னர் சொன்னது இங்கே இன்னும் வேகமாக நடக்கிறது. 2018 கண்டி வன்முறையில் தங்கள் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் வெறுப்புப் பதிவுகளைக் கண்டுபிடிப்பதில் இருந்த ஓட்டை அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. தமிழில் எழுதப்படும் வெறுப்பும் அதே ஓட்டையால் போகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

படி 8: வீட்டில் மூத்தவரைப் பேச வையுங்கள்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி வன்னிக்குள் வரத் தடை இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ பேசியது. சுற்றுபவர் களைத்தால் செய்தி நின்றுவிடும். அதனால் தனியாகக் கேட்பது என்பதே நடைமுறையில் கஷ்டம். கேட்டவர்கள் ஒரு நிலையத்தோடு நின்றதும் இல்லை. இலங்கை வானொலி, பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ், புலிகளின் குரல் எல்லாவற்றையும் கேட்டு, ஒவ்வொன்றும் எதைக் கூட்டும், எதைக் குறைக்கும் என்று கழித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெடலைச் சுற்றியவருக்கும் அதில் ஒரு கருத்து இருந்தது.

அவர்களிடம் கேளுங்கள். எந்த நிலையத்தின் எந்தச் செய்தியை நம்பினீர்கள், எதை நம்பவில்லை, ஏன்? இரண்டு நிலையம் இரண்டு இலக்கம் சொன்னால் எப்படிக் கணக்குப் போட்டீர்கள்? கேட்ட பிறகு யாரோடு கதைத்தீர்கள்? கேட்டதை வெளியே சொல்ல முடியாத நாட்கள் இருந்ததா? இப்போது போனில் வருவதை அப்படிக் கழித்துப் பார்க்கிறீர்களா, இல்லையென்றால் ஏன்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள்தான் இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. “அப்ப நாலு பேர் இருந்து கேட்டம், இப்ப நான் தனிய” என்ற மாதிரிப் பதில் வந்தால், அதைப் படி 2 இன் பக்கத்தில் எழுதுங்கள்.

பரீட்சை எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. விடையில் கோட்பாட்டாளரின் பெயரும் ஆண்டும் ஒரு வரி, வரைவிலக்கணம் இரண்டு வரி போதும். மிச்சம் முழுவதும் உங்கள் கொப்பியிலிருந்து வரட்டும், கோட்பாடு பொருந்தாத இடத்தையும் தயங்காமல் எழுதுங்கள். கொப்பியில் மற்றவர்களின் பெயர்களை எழுத வேண்டாம், அம்மா, அயல்வீட்டு அக்கா, குறூப் அட்மின் என்று எழுதினால் போதும். மூத்தவர் பேசுவதைப் பதிவு செய்வதென்றால் முதலே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துங்கள். பதிவை எந்தக் குறூப்பிலும் போட வேண்டாம்.